விசைப்படகு எஞ்சினின் கரும்புகை: காரணம் கண்டறியும் முறையின் வரலாறு

விசைப்படகு எஞ்சினின் கரும்புகை என்பது, டீசல் எஞ்சினுக்குள் செல்லும் எரிபொருள் முழுவதும் எரியாமல் கரித்துகளாக வெளியேறுவதைக் குறிக்கும். மீனவர்களும் மெக்கானிக்குகளும் இதை "எஞ்சின் புகை தள்ளுகிறது" என்பர். இந்தப் புகையைப் பார்த்து எஞ்சினின் குறையைக் கண்டறியும் அறிவு ஒரே இடத்தில் தோன்றியதன்று. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிலும், கொங்கு நாட்டின் கிணற்றடிகளிலும், கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும், தமிழகக் கடற்கரையின் மீன்பிடித் துறைமுகங்களிலும் அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்தது.

கரி உண்டாகும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்பே கலந்து உள்ளே செல்கின்றன. டீசல் எஞ்சினில் முதலில் காற்று மட்டும் உள்ளே சென்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடான காற்றில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டுத் தானே தீப்பற்றுகிறது. பீய்ச்சப்படும் தாரையின் நடுப்பகுதிக்குப் போதிய ஆக்சிசன் கிடைப்பதில்லை. வெப்பம் மிகுந்தும் ஆக்சிசன் குறைந்தும் உள்ள அந்த இடத்தில் டீசல் சிதைந்து கரித்துகளாகிறது.

நல்ல நிலையில் உள்ள எஞ்சினிலும் கரி உண்டாகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, சிலிண்டருக்குள் எஞ்சியுள்ள காற்றுடன் சேர்ந்து வெளியேறுவதற்கு முன்பே எரிந்துவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவதே புகைக்குழாயில் கறுப்பாகத் தெரிகிறது. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், நடைமுறையில் டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கூடுதலான காற்று தேவைப்படுகிறது. ஆகவே கரும்புகை என்பது சுருக்கமாக மூன்றில் ஒன்றைச் சொல்கிறது: காற்று குறைந்துவிட்டது, அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது, அல்லது இரண்டும் சரியாகக் கலக்கவில்லை.

தொடக்கக் காலம்

இங்கிலாந்தைச் சேர்ந்த எர்பர்ட் அக்ராய்டு சுடூவர்ட் 1890இல் சூடான குமிழ் கொண்ட எண்ணெய் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். இதனை ஓட்டுவதற்கு முன் சிலிண்டர் தலையிலுள்ள குமிழை விளக்குச் சுடரால் காய்ச்ச வேண்டும். மெதுவாக ஓடினாலும் எளிய அமைப்பு உடையது என்பதால், வட ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளில் இவ்வகை எஞ்சின் நெடுங்காலம் இருந்தது.

செருமானியரான ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1893இல் அதனைப் பெற்றார். 1897 பிப்ரவரி 17 அன்று ஆக்சுபர்க்கு நகரில் நடந்த சோதனையில் அவருடைய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காட்டைப் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்களைவிட இது மிக உயர்ந்த அளவாகும். எரிபொருளை உட்செலுத்த டீசல் அழுத்தமிகு காற்றைப் பயன்படுத்தினார். அந்தக் காற்று டீசலை நுண்துளிகளாகச் சிதறடித்தது. ஆனால் அதற்கென்று தனியாகப் பெரிய கம்ப்ரசர் ஒன்று தேவைப்பட்டது.

1912இல் பயணம் தொடங்கிய டென்மார்க்கு நாட்டின் செலாண்டியா கப்பல் இவ்வரலாற்றில் முக்கியமானது. டீசலில் ஓடிய இக்கப்பலுக்கு வழக்கமான பெரிய புகைபோக்கியே இல்லை. நிலக்கரிப் புகை கக்கும் கப்பல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வியப்பளித்தது. டீசல் எஞ்சின் இயல்பிலேயே புகைவது என்ற இன்றைய பொதுக்கருத்துக்கு இது நேர்மாறானது.

1927இல் ராபர்ட் போசின் நிறுவனம் டீசல் பம்பைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தது. இதன்பின் காற்றுக் கம்ப்ரசர் இன்றி, டீசலையே உயர் அழுத்தத்தில் நாசில் வழியாகப் பீய்ச்ச முடிந்தது. எஞ்சின் சிறியதாகி லாரிக்கும் படகுக்கும் வந்தது. நாசிலின் நுண்துளைகள் தேய்ந்தால் புகை வரும் என்ற இன்றைய சிக்கலும் அதனுடனேயே வந்தது.

கொங்கு நாட்டுக் கிணற்றடியில்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஆற்றுப் பாசனம் குறைவு. கிணற்றுப் பாசனமே மிகுதி. கிணறுகள் ஆழமானவை. மாடு பூட்டி இறைக்கும் கவலையே நீண்டகாலம் வழக்கில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பு வகித்த ஆல்பிரட் சாட்டர்டன், எண்ணெய் எஞ்சினையும் மையவிலக்குப் பம்பையும் இணைத்து நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். பின்னர் லிஸ்டர், ரஸ்டன் போன்ற இங்கிலாந்து எஞ்சின்களும், அவற்றைத் தொடர்ந்து கிர்லோஸ்கர் முதலிய இந்திய எஞ்சின்களும் வந்தன. மக்கள் இவற்றைப் பொதுவாக "ஆயில் எஞ்சின்" என்றனர்.

கிணற்றடி எஞ்சின் புகைந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பதே முதல் எண்ணமாக இருக்கும். ஆனால் பல நேரங்களில் குறை எஞ்சினில் இருப்பதில்லை. மையவிலக்குப் பம்புக்கு வேண்டிய திறன், அதன் சுழல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது பம்பின் வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுகிறது. கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டு எஞ்சின் பக்கம் பெரிய புல்லியை மாட்டினால், எஞ்சின் தன் அளவுக்கு மீறிய பாரத்தை இழுக்க நேரிடும். வேகம் குறையாமல் இருக்க கவர்னர் மேலும் மேலும் டீசலைத் திறந்துவிடும். காற்றோ அதே அளவுதான். விளைவு கரும்புகை.

இதில் எதிர்பாராத ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் கிணற்றில் நீர் மேலே வந்தபின் பம்பின் வேலை எளிதாகும் என்றே தோன்றும். ஆனால் மையவிலக்குப் பம்பு, தூக்க வேண்டிய உயரம் குறைந்தால் அதிக நீரைத் தள்ளும். அதனால் எடுக்கும் திறனும் கூடும். கோடையில் புகையாத எஞ்சின் நீர் பெருகியபின் புகைவதற்கு இது ஒரு காரணம். புகைக்கு முதல் காரணத்தைப் பாரத்தில் தேட வேண்டும் என்ற பாடம் கிணற்றடியிலேயே இருந்தது. பின்னாளில் படகுக்கும் இது பொருந்தியது.

கணபதியும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளும்

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்பட்டதும் கோயம்புத்தூரின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் மின்சாரம் கிடைத்தது. பீளமேட்டில் 1926இல் தொடங்கப்பட்ட பூ. சா. கோ. தொழிற்கூடம் கைவினைஞர்களைப் பயிற்றுவித்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, எஞ்சின் பழுதுபார்ப்பிலும் கருவி வடிவமைப்பிலும் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டினார். அவரும் டி. பாலசுந்தரமும் 1937இல் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. பாலசுந்தரம் நிறுவிய டெக்ஸ்டூல் நிறுவனம் சத்தியமங்கலம் சாலையில் உள்ள கணபதியில் அமைந்தது.

கணபதியிலும் சுற்றுப்புறங்களிலும் வார்ப்புப் பட்டறைகளும், லேத் பட்டறைகளும், பம்பு உதிரிப்பாகம் செய்யும் சிறுதொழிற்கூடங்களும் பெருகின. மின்மோட்டார் பரவியபின் ஆயில் எஞ்சினின் தேவை குறைந்தது. ஆயினும் மின் இணைப்பு எட்டாத தோட்டங்களிலும், மின்வெட்டுக் காலங்களிலும், ஜெனரேட்டர்களிலும் அது நீடித்தது. 1951இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு, போசு உரிமத்தில் டீசல் பம்பும் நாசிலும் இந்தியாவிலேயே கிடைக்கலாயின. அதைத் தொடர்ந்து தமிழக நகரங்களில் "பம்ப், நாசில் சர்வீஸ்" என்ற தனித் தொழில் உருவானது. நாசிலைக் கைப்பம்பு பொருத்திய சோதனைக் கருவியில் மாட்டி, எத்தனை அழுத்தத்தில் திறக்கிறது, தாரை பனிபோல் விரிகிறதா, சொட்டுகிறதா என்று பார்ப்பது இத்தொழிலின் அடிப்படைச் சோதனை ஆயிற்று.

கடலுக்கு வந்த எஞ்சின்

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952இல் செய்த உடன்பாட்டின்படி, கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. எஞ்சின் பொருத்திய புதிய வடிவப் படகுகள் அங்கே அறிமுகமாயின. 1950களிலும் 1960களிலும் தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் பரவின. இறால் ஏற்றுமதி வளர்ந்ததும் இழுவலைப் படகுகள் பெருகின. லாரியில் பழகிய அசோக் லேலண்டு எஞ்சின் படகுக்கும் வந்ததால், சாலையோர மெக்கானிக்கின் அறிவு துறைமுகத்திலும் பயன்பட்டது. படகு எஞ்சின் ஓட்டுநர்களுக்கு முறையான பயிற்சி தர 1963இல் கொச்சியில் நடுவண் மீன்வளப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் சென்னைப் பிரிவு 1968இல் வந்தது.

ஆனால் லாரி எஞ்சினும் படகு எஞ்சினும் ஒரே வகையில் உழைப்பதில்லை. லாரி மேடு ஏறும்போது திணறினால் ஓட்டுநர் கியரை மாற்றுவார். இறக்கத்தில் எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும். படகில் இறக்கம் கிடையாது. வலையை இழுக்கும்போது பல மணி நேரம் தொடர்ந்து பாரம் இருக்கும். பாரத்தை மாற்ற வேண்டுமானால் புரொப்பெல்லரைத்தான் மாற்ற வேண்டும்.

1979இல் உணவு, வேளாண்மை அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அலையடிக்கும் கரையில் நேரே ஏறக்கூடிய டீசல் படகுகளை இத்திட்டம் வடிவமைத்தது. எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றியும் 1980களில் அறிவுரை வெளியிட்டது. வேகத்தைக் குறைத்தல், படகின் அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்தல், பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுதல் ஆகியவை அதன் முக்கிய வழிகள். எஞ்சினின் சுழற்சியை 80 விழுக்காடாகக் குறைத்தால் புரொப்பெல்லருக்கு வேண்டிய திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கிணற்றடிப் பம்பில் கண்ட அதே மும்மடிக் கணக்கே இங்கும் உள்ளது.

புகையின் நிறம்

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் நிறத்தைப் பார்ப்பது பழைய வழக்கம்.

கறுப்பு: டீசல் எரியப் போதிய காற்று இல்லை, அல்லது பாரம் மிகுதி.

நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு ஆகியவற்றின் தேய்மானம் காரணமாகலாம்.

வெள்ளை: டீசல் தீப்பற்றாமல் ஆவியாகவே வெளியேறுகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துள்ளது. குளிர்ந்த எஞ்சின் ஓடத் தொடங்கும்போது சிறிது நேரம் வெள்ளைப்புகை வருவது இயல்பு.

கடல்நீரைப் புகைக்குழாயிலேயே கலந்து வெளியேற்றும் படகுகளில் நீராவியும் வெண்மையாகத் தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இத்தகைய படகின் பின்பலகையில் படியும் கரியும், நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் கூடுதல் சான்றுகள். துடைத்தால் பொடியாக வருவது கரி. பிசுபிசுப்பாக வழுக்குவது எரியாத டீசலோ ஆயிலோ ஆகும்.

காரணம் தேடும் வரிசை

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ளதை நோக்கிச் செல்வர்.

1. பாரம். முதலில் எஞ்சினைப் பாரமின்றி நியூட்ரலில் முழு வேகத்துக்கு ஓட்ட வேண்டும். பிறகு கடலில் கியரில் முழு வேகத்துக்கு ஓட்ட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த சுழற்சியை நியூட்ரலில் எட்டி, கியரில் எட்டாமல் புகைந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது பாரத்தை. படகின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கலாம், புரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருக்கலாம், இலை வளைந்திருக்கலாம், அல்லது எஞ்சினுக்குப் பொருந்தாத பெரிய புரொப்பெல்லர் மாட்டப்பட்டிருக்கலாம். சிறு படகுகளில் புரொப்பெல்லரின் பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று வரை மாறும். கரையில் கட்டியபடி கியரில் முடுக்கினால் நல்ல எஞ்சினும் புகையும். ஆகவே இச்சோதனையைக் கடலில்தான் செய்ய வேண்டும்.

2. காற்று. ஏர் கிளீனர் அடைத்துள்ளதா என்பது எளிய சோதனை. எஞ்சின் அறையின் காற்றோட்டம் பலராலும் மறக்கப்படுவது. அறையின் வெப்பம் 30 பாகையிலிருந்து 50 பாகையாக உயர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது. மூடியைத் திறந்து ஓட்டும்போது புகை குறைந்தால் காரணம் காற்றோட்டமே. டர்போ உள்ள எஞ்சினில் குழாய் இணைப்புகளில் கசிவும், டர்போவின் இலைகளில் கரியும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

3. வெளியேறும் வழி. புகைக்குழாயின் வளைவில் கரியும் உப்பும் படிந்து துளை சுருங்கினால், பழைய புகை முழுவதும் வெளியேறாது. புதிய காற்றுக்கு இடம் குறையும். இது வளரும் வகைக் குறை: கரி குழாயை அடைக்கிறது, அடைப்பு மேலும் கரியை உண்டாக்குகிறது.

4. நாசில். பல சிலிண்டர் கொண்ட பழைய வகை எஞ்சினில், மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் முறையே சிறிது தளர்த்திப் பார்ப்பர். எதைத் தளர்த்தும்போது புகை தெளிகிறதோ அந்தச் சிலிண்டரில் குறை. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது என்பதால் தாரைக்கு நேரே கையை நீட்டக் கூடாது. கணினியால் இயங்கும் காமன் ரெயில் எஞ்சினில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

5. டைமிங்கும் பம்பும். டீசல் காலம் தாழ்ந்து பீய்ச்சப்பட்டால் எரிய நேரம் போதாமல் புகையும். பம்பின் முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டிவைப்பதும் புகைக்குக் காரணம். இவ்வாறு கூட்டினால் சிறிது வலு கூடும். அதைவிட வேகமாகக் கரியும் வெப்பமும் கூடும்.

6. அழுத்தம். மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே வால்வு, ரிங், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றைச் சோதித்து எஞ்சினைப் பிரிப்பது முறை.

இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவதே மீனவருக்குப் பெரும் இழப்பாகிறது. புரொப்பெல்லர் பொருந்தாத படகில் எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பித்தாலும் அது மீண்டும் புகையும்.

புகையை அளத்தல்

1888இல் பாரிசைச் சேர்ந்த மாக்சிமிலியன் ரிங்கல்மான், ஆலைப் புகையின் கறுமையை ஒப்பிட ஓர் அட்டையை உருவாக்கினார். வெள்ளைத்தாளில் கறுப்புக் கட்டங்களை வரைந்து, தொலைவிலிருந்து பார்க்கும்போது தோன்றும் சாம்பல் நிறத்தைப் புகையுடன் ஒப்பிடுவது இம்முறை. ஒவ்வோர் எண்ணும் 20 விழுக்காடு கறுமையைக் குறிக்கும். டீசல் வாகனங்கள் பெருகியபின் ஒளியைப் புகையூடே செலுத்தி அளக்கும் கருவிகள் வந்தன. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகள், பாரமின்றி முடுக்கும் சோதனையில் டீசல் வாகனப் புகை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது என வரையறுத்தன. இது சாலை வாகனங்களுக்கான விதி. படகில் பெரும்பாலும் ஓட்டுநரின் கண்ணே கருவியாக உள்ளது.

பொருளும் உடல்நலமும்

வெளியேறும் கரியின் எடை, எரிந்த டீசலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆயினும் அதை உண்டாக்கும் நிலை செலவு மிக்கது. மிகைப்பாரத்தில் ஓடும் எஞ்சின் அதிக டீசல் குடிக்கிறது. கரி எஞ்சின் ஆயிலில் கலந்து அதைக் கெட்டியாக்குகிறது. பேரிங்கும் லைனரும் விரைவில் தேய்கின்றன. மீன்பிடிச் செலவில் டீசலே பெரும்பங்கு என்பதால், இழப்பு படகு உரிமையாளரோடு நிற்பதில்லை. செலவு போக மிஞ்சியதைப் பங்கிடும் படகுகளில் அது ஒவ்வொரு தொழிலாளியின் பங்கிலும் குறைகிறது.

உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 சூனில் டீசல் எஞ்சின் புகையை மாந்தருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. பல நாள் கடலில் தங்கும் படகில் சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் எஞ்சின் அறைக்கு அருகிலேயே நடக்கின்றன. காற்று பின்புறமிருந்து வீசும்போது புகை தளத்தின் மேலேயே திரும்பி வருகிறது.

தடைக்காலமும் இன்றைய நிலையும்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நடைமுறையில் உள்ளது. வருமானமில்லாத இந்த நாட்களே படகைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, வண்ணம் பூசி, எஞ்சினைச் சரிபார்க்கும் காலமும் ஆகும். புரொப்பெல்லரையும் புகைக்குழாய் வளைவையும் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட ஏற்ற காலம் இல்லை.

புதிய எஞ்சின்களில் டீசலின் அளவையும் நேரத்தையும் கணினி கட்டுப்படுத்துகிறது. குறையைக் குறியீட்டு எண்ணாகத் திரையில் காட்டும் வசதியும் உண்டு. எனினும் அடியில் படிந்த சிப்பியையும், புரொப்பெல்லரில் சிக்கிய கயிற்றையும் எந்தத் திரையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. எஞ்சின் பாரத்தால் திணறுகிறது என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். பாரம், காற்று, எரிபொருள் என்ற வரிசையில் காரணத்தைத் தேடும் பழைய முறை அதனால் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.